யாருக்கு யார் ஜோடி: எம்எம்ஏ எடைப் பிரிவு ஒன்றை வரிசைப்படுத்தி, அடுத்த சண்டைகளை நாமே போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே பென்சிலும் ரப்பரும். கம்ப்யூட்டரில் ஷீட் போட்டும் செய்யலாம். நாங்கள் ஆரம்பித்தது நோட்டில், இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது, ஏனென்றால் ஒருவரின் பெயரை நான்காம் இடத்தில் அழித்து ஏழாம் இடத்தில் எழுதப் போகும்போது கை ஒரு நொடி நிற்கும், அந்த நொடியில் 'ஏன் இறக்குகிறோம்' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் கடலூர் மஞ்சக்குப்பம், ஒருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டை. எம்எம்ஏ என்றால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை, அதை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனம் யூஎஃப்சி. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய யூஎஃப்சி நிகழ்ச்சிகளின் முக்கியச் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில், 2025 வரை ஏழரை மணிக்கு, அங்கே குளிர்காலம் என்றால் எட்டரைக்குத் தொடங்கின. முத்தியால்பேட்டை நண்பர் விடிவதற்குள் பஸ் பிடித்து அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் தாண்டி வந்து சேர்ந்துவிடுவார். சண்டை முடிந்த பிறகு ஆரம்பிக்கும் வாக்குவாதம் மதியச் சாப்பாடு வரை போகும். அந்த வாக்குவாதத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றுதான் நோட்டு வந்தது.

நம் ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நடத்தினால் சீட்டு குலுக்கிப் போட்டு யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்வார்கள். தோற்ற அணி வெளியே, ஜெயித்த அணி அடுத்த சுற்று, கடைசியில் நிற்பது யார் என்பதில் சந்தேகமே இருக்காது. எம்எம்ஏவில் அது கிடையாது. ஒரு வீரர் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் கூண்டுக்குள் போகிறார், ஒரு பிரிவில் ஐம்பது அறுபது பேர் இருந்தாலும் அவர் வாழ்நாளில் சந்திக்கப் போவது அதில் கொஞ்சம் பேரைத்தான், அதுவும் குலுக்கலில் இல்லாமல் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்து. ஆக வரிசை என்பது கணக்கும் தீர்ப்பும் சேர்ந்தது, ஜோடி போடுவது என்பது பொறுப்பு. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். வரிசை நடந்ததைப் பற்றியது, ஜோடி நடக்க வேண்டியதைப் பற்றியது. 'இவர் அவரோடு மோதினால் நன்றாக இருக்குமே' என்ற ஆசையில் ஒருவரை ஆறாம் இடத்துக்கு ஏற்றினால் அன்றோடு அந்த நோட்டு கெட்டுவிடும்.

ஒரே ஒரு பிரிவை எடுங்கள்

எல்லாப் பிரிவையும் ஒரேயடியாக எடுத்தால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். நான் லைட்வெயிட்டைச் சொல்வேன். 155 பவுண்டு, நம் கணக்கில் 70.3 கிலோ. ஆட்கள் அதிகம், எல்லா பாணியிலும் ஆட்கள் உண்டு, மேலே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் நிறைய மோதியிருக்கிறார்கள், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க விஷயம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பெயரை நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய நிறுவனத்தில் லைட்வெயிட் என்றால் 77.1 கிலோ, அது யூஎஃப்சியில் வெல்டர்வெயிட். 2015 டிசம்பரில் யாங் ஜியான்பிங் என்ற வீரர் சண்டைக்காக எடை குறைக்கும்போது இறந்துபோன பிறகு, உடம்பில் நீர் குறையாமல் எடை காட்ட வேண்டும் என்று அங்கே விதியை மாற்றினார்கள். அதனால் அங்கே எழுபத்தேழு கிலோவில் நிற்பவரையும் இங்கே எழுபத்தேழு கிலோவில் நிற்பவரையும் ஒன்றாக வைத்து வரிசைப்படுத்த முடியாது.

யூஎஃப்சி 2013லிருந்து வெளியிடும் ரேங்கிங் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். அது ஊடகக்காரர்கள் ஓட்டுப் போட்டு வருவது, சாம்பியனைத் தனியாக வைத்துக் கீழே பதினைந்து பேர். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் நோட்டை முடித்த பிறகு. முன்பே பார்த்தால் உங்கள் வரிசை அதன் நகலாகத்தான் வரும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்

முப்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடைசி ஐந்து சண்டைகள் போதும். ஒவ்வொரு சண்டைக்கும் தேதி, எதிராளி, சண்டை நடந்த அன்று எதிராளி உங்கள் வரிசையில் எங்கே இருந்தார், முடிவு, எந்தச் சுற்று, எப்படி முடிந்தது (நாக்அவுட், சப்மிஷன் அதாவது பிடியில் மாட்டி எதிராளி சரணடைவது, நடுவர்கள் தீர்ப்பு), எத்தனை நாள் அவகாசத்தில் ஒப்புக்கொண்டார், எடை சரியாகக் காட்டினாரா. இவ்வளவும் ஷெர்டாக், டேபாலஜி போன்ற தளங்களில் கிடைக்கும். கிடைக்காத ஒன்று நீங்கள் பார்த்தது. அதற்கு இரண்டு வரி விடுங்கள். 'இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கியது', 'டேக்டவுன் (கீழே தள்ளும் முயற்சி) மூன்று முறை தடுத்தார், நான்காவதில் விழுந்தார்' என்பது மாதிரி. பின்னால் ஜோடி போடும்போது இந்த இரண்டு வரிதான் சோறு போடும்.

அவகாசம் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2023 அக்டோபரில் அபுதாபியில் அன்றைய லைட்வெயிட் சாம்பியன் மகாசேவுக்கு எதிராக இறங்க வேண்டிய ஒலிவேராவுக்குப் புருவம் கிழிந்துவிட்டது. கீழ்ப் பிரிவின் சாம்பியன் வோல்கனோவ்ஸ்கி இரண்டு வாரத்துக்கும் குறைந்த அவகாசத்தில் வந்து இறங்கி முதல் சுற்றிலேயே தலை உதையில் வீழ்ந்தார். எட்டு மாதம் முன்பு பெர்த்தில் அதே மகாசேவுக்கு ஐந்து சுற்றும் ஈடுகொடுத்து, நடுவர்கள் தீர்ப்பில்தான் தோற்றவர் அவர். இந்த இரண்டு தோல்வியையும் ஒரே எடைக்கல்லில் நிறுத்தினால் அது அநியாயம்.

அறிமுக வீரர்களின் 12-0, 10-0 பதிவுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யார், அவர்களின் பதிவு என்ன என்று போய்ப் பாருங்கள். பாதிப் பேர் ஒரு சண்டையிலும் ஜெயிக்காதவர்களாக இருந்தால் அந்தப் பதிவு உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மதிப்பெண் போடுவது

எங்கள் கணக்கு இது. உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் நடுவில் மாற்றக் கூடாது. முதல் ஐந்து இடத்தில் இருப்பவரை ஜெயித்தால் 10, ஆறு முதல் பத்து என்றால் 7, பதினொன்று முதல் பதினைந்து என்றால் 4, வரிசைக்கு வெளியே என்றால் 2. நேரத்துக்கு முன்பே முடித்தால் ஒன்று கூடும். மூன்று நடுவர்களில் ஒருவர் மாற்றிச் சொல்லி வந்த வெற்றி (ஸ்பிளிட் தீர்ப்பு) என்றால் ஒன்று குறையும். எதிராளிக்குக் காயம் ஆகி நின்ற சண்டைக்குப் பாதிதான். கடைசி பன்னிரண்டு மாத வெற்றிக்கு முழு மதிப்பெண், அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குப் பாதி, இரண்டு வருடம் தாண்டியது சமன் உடைக்க மட்டும். தோல்விக்குக் கழிப்பதில்லை, தனிப் பத்தியில் எழுதி, கடைசியில் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்போம்.

போட்டுக் காட்டுகிறேன். 2024 ஏப்ரல் 14, ஞாயிறு, தமிழ்ப் புத்தாண்டு. அன்று காலைதான் யூஎஃப்சி 300. வீட்டில் மாங்காய்ப் பச்சடி தயாராகிக்கொண்டிருந்தது, நாங்கள் டிவியை விட்டு நகரவில்லை. அர்மான் சருக்கியான் ஒலிவேராவை ஸ்பிளிட் தீர்ப்பில் ஜெயித்தார்: 10ல் ஒன்று போக 9. நான்கு மாதம் முன்பு பெனீல் தாரியூஷை முதல் சுற்றில் நாக்அவுட் செய்தது 11. 2023 ஜூனில் வரிசைக்கு வெளியே இருந்த ஜோவாகிம் சில்வாவை முடித்தது 3. 2022 டிசம்பரில் இஸ்மகுலோவைத் தீர்ப்பில் ஜெயித்தது 4ல் பாதி 2. மொத்தம் 25.

அதே நாளில் மாதேயுஷ் காம்ரோட்: மார்ச்சில் டோஸ் அஞ்சோஸை ஜெயித்தது 4, ஃபிசியேவின் முழங்கால் போய் நின்ற சண்டைக்கு 7ல் பாதி 3.5, டர்னரை ஸ்பிளிட் தீர்ப்பில் ஜெயித்தது வருடம் தாண்டியதால் 6ல் பாதி 3, 2022 ஜூனில் இதே சருக்கியானை ஜெயித்தது அன்றைய இடப்படி 4ல் பாதி 2. மொத்தம் 12.5.

இங்கே முத்தியால்பேட்டை நண்பர் எழுந்து நின்றுவிட்டார். 'நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்தவர் காம்ரோட், அவர் பாதி மதிப்பெண்ணோடு கீழே, தோற்றவர் மேலேயா?' நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் வரிசைப்படுத்தத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வட்டம் வந்தால்

காம்ரோட் சருக்கியானை ஜெயித்தார். தாரியூஷ் காம்ரோட்டை ஜெயித்தார், 2022 அக்டோபரில். சருக்கியான் தாரியூஷை ஜெயித்தார். சுற்றி வந்து வால் வாயில் முடிகிறது. இன்னொரு வட்டமும் அந்தப் புத்தாண்டு காலையிலேயே பூர்த்தியானது: டஸ்டின் போரியே மேக்ஸ் ஹாலோவேயை இரண்டு முறை ஜெயித்தவர் (2012, 2019), ஹாலோவே ஜஸ்டின் கேத்ஜியை அன்று கடைசிச் சுற்றின் 4 நிமிடம் 59வது வினாடியில் சாய்த்தார், கேத்ஜி முந்தின வருடம் ஜூலையில் போரியேவை நாக்அவுட் செய்தவர்.

வட்டத்தை நான் இப்படி உடைப்பேன். எந்த வெற்றி கடைசியாக வந்தது என்று பாருங்கள், ஆனால் அது மட்டும் போதாது. எந்த வெற்றி சந்தேகமில்லாதது? காம்ரோட் சருக்கியானை ஜெயித்த தீர்ப்பைப் பற்றி இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு, மூன்று நடுவர்களும் 48-47 என்று எழுதிய சண்டை அது. தாரியூஷ் ஒரு நிமிடத்தில் விழுந்ததில் எந்த வாக்குவாதமும் இல்லை. மூன்றாவதாக, அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் எங்கே போனார்கள்? ஒருவர் முதல் ஐந்தில் இரண்டு பேரைத் தாண்டினார், மற்றவர் இன்னும் அந்த வாசலில் நிற்கிறார். ஆக சருக்கியான் மேலே.

அதற்காகக் காம்ரோட்டின் வெற்றி செத்துப்போகவில்லை. தோற்றவர் மேலே ஏற ஏற, அவரை ஒரு காலத்தில் ஜெயித்தவரின் வெற்றியும் கூடவே வளரும். சண்டை நடந்த அன்று 4 மதிப்பெண் என்று எழுதியதை மாற்றாதீர்கள், ஓரத்தில் ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் அம்புக்குறி உள்ளவர் முன்னால் போவார்.

அப்புறம் எலோ கணக்கு. சதுரங்கத்தில் பயன்படுத்துவார்களே, அதையும் வைத்துப் பார்க்கலாம். 1600 புள்ளி உள்ளவரும் 1500 உள்ளவரும் மோதினால் முதலாமவருக்கு 64 சதவீத வாய்ப்பு என்று சூத்திரம் சொல்லும். ஒரு சண்டையின் எடையை 40 என்று வைத்தால் அவர் ஜெயித்தால் ஏறக்குறைய 14 புள்ளி ஏறும், தோற்றால் 26 இறங்கும். ஆனால் சதுரங்கக்காரர் வருடத்துக்கு நூறு ஆட்டம் ஆடுவார், இங்கே மூன்று. புள்ளி நிலைக்கு வருவதற்குள் வீரருக்கு வயதாகிவிடும். உங்கள் வரிசைக்கும் எலோவுக்கும் ஐந்து இடத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறவரை மட்டும் திரும்பப் பாருங்கள். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பேர், ஓய்வு, தராசு

பதினெட்டு மாதம் சண்டை போடாதவரை நாங்கள் வரிசையிலிருந்து எடுத்துவிடுவோம். மைக்கேல் சாண்ட்லர் 2022 நவம்பரில் போரியேவிடம் தோற்ற பிறகு கானர் மெக்ரிகோருக்காகக் காத்திருந்து காத்திருந்து, அந்தச் சண்டை நடக்கவே இல்லை, அடுத்து அவர் கூண்டுக்குள் வந்தது 2024 நவம்பரில். புத்தாண்டு அன்று பதினேழு மாதம் ஆகியிருந்தது, ஒன்பதாம் இடத்தில் ஒரு மாதத் தவணையோடு வைத்தோம். நிஜ உலகத்தில் இப்படி நடப்பதில்லை. கோல்பி கோவிங்டன் 2022 மார்ச்சுக்குப் பிறகு சண்டையே போடாமல் 2023 டிசம்பரில் நேராக டைட்டில் சண்டைக்கு, அதாவது சாம்பியன் பட்டத்துக்கான சண்டைக்கு, வந்தார். அது ஜோடி போட்டவர்களின் முடிவு. உங்கள் வரிசை அதற்குத் துணை போக வேண்டியதில்லை.

பெரிய பெயர்கள் இதைவிடக் கடினம். டோனி ஃபெர்குசன் தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி பெற்றவர், முன்னாள் சாம்பியன் கபீபோடு அவருக்கு ஐந்து முறை சண்டை ஏற்பாடு செய்தும் ஐந்து முறையும் ரத்தானது. 2020ல் கேத்ஜியிடம் தோற்றதிலிருந்து தொடர்ந்து எட்டுத் தோல்வி. அவர் பெயரைக் கீழே எழுத மனசு வராது, எங்களுக்கும் வரவில்லை. இரண்டாவது தோல்விக்குப் பிறகும் நாங்கள் அவரை மேலே வைத்திருந்தோம், அது தவறு. அவர்மேல் இருந்த மரியாதையை வரிசையில் காட்டியதுதான் பிழை.

எடை தவறியவருக்கு எவ்வளவு தவறினார் என்று பாருங்கள். 2022 மே மாதம் ஒலிவேரா அரை பவுண்டு கூடுதலாகக் காட்டிச் சாம்பியன் பெல்ட்டையே இழந்தார், மறுநாள் கேத்ஜியை முதல் சுற்றில் சப்மிஷனில் முடித்தார். அரை பவுண்டால் அந்த வெற்றிக்குக் குறை ஒன்றும் இல்லை, முழு மதிப்பெண். டைட்டில் இல்லாத சண்டையில் ஒரு பவுண்டு சலுகை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நான்கு ஐந்து பவுண்டு தவறியவருக்குப் பாதிதான்.

வேறு பிரிவிலிருந்து ஒரு சண்டைக்கு வந்தவரைத் தனி வரியில் வையுங்கள். ஹாலோவேயை அன்று அப்படித்தான் வைத்தோம், அவரும் அடுத்து ஃபெதர்வெயிட்டுக்கே திரும்பிப் போனார்.

இப்போது ஜோடி

வரிசை முடிந்ததும் புதுப் பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும்: 'இவர் ஜெயித்தால் அடுத்து என்ன', 'அவர் ஜெயித்தால் அடுத்து என்ன'. இரண்டில் ஒரு வரி காலியாக இருந்தால் அந்த ஜோடியை அடித்துவிடுங்கள். நான் இதுவரை சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மூன்றாம் இடத்தில் இருப்பவருக்குப் பதினான்காம் இடத்தில் இருப்பவரைப் போட்டால், கீழே உள்ளவருக்கு எல்லாம் கிடைக்கும், மேலே உள்ளவருக்கு ஜெயித்தாலும் ஒன்றும் கிடையாது, அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். பொதுவாக நான்கு இடத்துக்குள் போடுங்கள். ஜெயித்து வந்தவருக்கு ஜெயித்து வந்தவர், தோற்று வந்தவருக்குத் தோற்று வந்தவர், இரண்டு பேரும் கடைசியாகச் சண்டை போட்ட தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிரிவு மூச்சுத் திணறும். ஃப்ளைவெயிட்டில் ஃபிகெய்ரேடோவும் மொரேனோவும் 2020 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை நான்கு முறை மோதினார்கள். ஒவ்வொன்றும் நல்ல சண்டைதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் மொரேனோவை முன்பே ஜெயித்திருந்த பான்டோயா தன் முறைக்கு 2023 ஜூலை வரை காத்திருந்தார், வந்ததும் பெல்ட்டை எடுத்துக்கொண்டார். மறு சண்டை வேண்டும் என்றால் முதல் சண்டையில் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருக்க வேண்டும், அதை எழுதிக் காட்ட முடிய வேண்டும்.

ஒரே பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். ஸ்டெர்லிங் பாண்டம்வெயிட் சாம்பியனாக இருந்தவரை அவருடைய கூட்டாளி மெராப் தொடர்ந்து ஜெயித்தும் அவரோடு மோத மறுத்தார், ஸ்டெர்லிங் பெல்ட்டை இழந்து பிரிவு மாறிய பிறகுதான் மெராபுக்கு வழி திறந்தது, 2024 செப்டம்பரில் சாம்பியனானார். நாட்காட்டியையும் பாருங்கள். ரம்ஜான் நோன்பு மாதத்தில், நோன்பு இருக்கும் மகாசேவ் போன்றவர்களுக்கு ஜோடி போடாதீர்கள். நோன்பு முடிந்து எடை குறைத்துப் பயிற்சி எடுக்கவும் ஒன்றரை இரண்டு மாதம் வேண்டும்.

பாணியைப் பற்றி இங்கேதான் யோசிக்க வேண்டும், வரிசையில் இல்லை. மல்லுக்காரருக்கு எதிராக நின்று அடிப்பவரைப் போட்டால் ஒரு கேள்விக்குத்தான் விடை கிடைக்கும்: கீழே தள்ள முடிகிறதா இல்லையா. அந்த விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அந்த ஜோடி வீண். வீரரின் பக்கத்தில் நீங்கள் பார்த்ததை எழுதிய இரண்டு வரிகளை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் சுற்றில் தளர்பவருக்கு, மெதுவாக ஆரம்பித்து கடைசியில் ஏறுபவரைப் போட்டுப் பாருங்கள், அங்கே கேள்வி இருக்கிறது.

எனக்கு மிக முக்கியம் உடம்பு. நாக்அவுட் ஆனவருக்கு, சண்டையை மேற்பார்க்கும் ஆணையம் மருத்துவ ஓய்வு விதிக்கும், அந்த நாட்களுக்குள் பெயரே எழுதாதீர்கள். நாங்கள் அதோடு நிறுத்துவதில்லை, நினைவு தப்பி விழுந்தவருக்கு ஆறு மாதம் ஜோடி கிடையாது. நாம் எழுதுவது நோட்டில்தான், யாருக்கும் அடி படப் போவதில்லை, ஆனாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மண்டை இருக்கிறது என்ற நினைப்போடு எழுதினால்தான் ஜோடி போடும் புத்தி சரியாக வளரும்.

நம் நாட்டு வீரர்களுக்குப் போடும்போது இது இரட்டிப்பாகப் பொருந்தும். அன்ஷுல் ஜுப்லி ரோடு டு யூஎஃப்சி என்ற தகுதிப் போட்டியை வென்று உள்ளே வந்தபோது நாங்கள் எல்லாரும் துள்ளினோம். 2023 அக்டோபரில் மைக் பிரீடனிடம் மூன்றாம் சுற்றில் நாக்அவுட், 2025 பிப்ரவரியில் சால்கில்டிடம் 19 வினாடியில். பூஜா தோமர் 2024 ஜூனில் 52.2 கிலோ பிரிவில் ஸ்பிளிட் தீர்ப்பில் ஜெயித்து, யூஎஃப்சியில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இவர்களுக்கு அடுத்த ஜோடி எழுதும்போது பாசம் அவசரப்படுத்தும். ஜெயித்து வந்தவரை உடனே பதினைந்துக்குள் தள்ள வேண்டாம், வரிசைக்கு வெளியே இரண்டு சண்டை, அதில் ஒன்று நல்ல மல்லுக்காரரோடு. நாக்அவுட் ஆகி வந்தவருக்கு வேகமாக ஆரம்பிக்கும் குத்துக்காரர் வேண்டவே வேண்டாம்.

அந்தப் புத்தாண்டுப் பக்கம்

அன்று மதியம் நாங்கள் முடித்த வரிசை இதுதான். சாம்பியன் மகாசேவ். கீழே சருக்கியான், ஒலிவேரா, கேத்ஜி, போரியே, காம்ரோட், தாரியூஷ், ஹூக்கர், ஃபிசியேவ், சாண்ட்லர், மொய்கானோ. மூன்றாம் நான்காம் இடத்தில் தகராறு இல்லை, கேத்ஜி போரியேவை ஜெயித்தவர். ஒலிவேரா அன்று தோற்றாலும் கேத்ஜிக்கு மேலே, ஏனென்றால் கேத்ஜியை ஜெயித்தவர், அவருடைய தோல்வி மயிரிழையில்.

தகராறு பதினொன்றாம் இடத்தில். முத்தியால்பேட்டை நண்பருக்குச் சித்தப்பா குடும்பம் பாரிஸில், அவருக்குப் பிரெஞ்சு வீரர் பெனுவா சான் டெனி என்றால் உயிர். ஆறாம் இடம் கேட்டார். ஒரு மாதம் முன்புதான் போரியே சான் டெனியை இரண்டாம் சுற்றில் நாக்அவுட் செய்திருந்தார். பதினொன்று கொடுத்தோம். அன்று அதிகாலை முன்னோட்டச் சண்டைகளிலேயே டர்னரை முடித்த ரெனாட்டோ மொய்கானோவுக்குப் பத்தாம் இடம். நண்பர் நாள் முழுக்கப் பேசவில்லை.

ஜோடிகள்: மகாசேவ் - சருக்கியான், டைட்டிலுக்கு. காம்ரோட் - ஹூக்கர், காம்ரோட் ஜெயித்தால் ஒலிவேராவோடு, ஹூக்கர் ஜெயித்தால் முதல் ஐந்துக்குள். கேத்ஜிக்கு அக்டோபர் வரை யாரும் இல்லை. சான் டெனி - மொய்கானோ என்று நண்பர் எழுதினார், பாரிஸில் நடக்க வேண்டும் என்று அடிக்கோடும் போட்டார். 'மொய்கானோ ஜெயித்தால்' என்ற வரியை நிரப்ப முடியாமல் நான் அதை அடித்தேன்.

என்ன நடந்தது? ஜூன் 1 டைட்டில் சண்டை போரியேவுக்குப் போனது, ஐந்தாம் சுற்றில் சப்மிஷனில் தோற்றார். காம்ரோட் - ஹூக்கர் ஆகஸ்டில் பெர்த்தில் நடந்தது, ஹூக்கர் ஸ்பிளிட் தீர்ப்பில் ஜெயித்தார். கேத்ஜி திரும்பி வர 2025 மார்ச் ஆனது. சான் டெனி - மொய்கானோ செப்டம்பரில் பாரிஸிலேயே நடந்தது, நமக்கு நள்ளிரவு தாண்டி. நண்பர் முழித்திருந்து பார்த்தார். இரண்டு சுற்று முடிந்ததும் மருத்துவர் சான் டெனியைத் தொடர விடவில்லை, மொய்கானோ ஜெயித்தார். நான் அடித்த ஜோடியை நண்பர் பேனாவால் மீண்டும் எழுதி வைத்தார்.

பழைய பக்கங்களைக் கிழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப் படித்து, எந்த ஜோடி நடந்தது, நடந்ததில் 'அடுத்து என்ன' வரி பலித்ததா என்று டிக் போடுங்கள். முடிவை ஊகித்தது சரியா என்பதை விட, அந்தச் சண்டை பிரிவை நகர்த்தியதா என்பதைப் பாருங்கள்.

மாற்று வரி

கடைசியாக ஒன்று, இதை நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். 2025 ஜனவரி 18, கலிபோர்னியா. ஒருவழியாக மகாசேவ் - சருக்கியான். முந்தின நாள் சருக்கியானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, விலகினார். பெல்ட்டுக்காக இறங்கியவர் மொய்கானோ, அதே நிகழ்ச்சியில் தாரியூஷோடு மோத வந்தவர், எடைக்குத் தயாராக இருந்தவர். முதல் சுற்றில் சப்மிஷனில் தோற்றார். தாரியூஷுக்கு அன்று சண்டையே இல்லாமல் போனது, மொய்கானோவோடு மோதி அவர் ஜெயித்தது ஜூனில்.

அதிலிருந்து டைட்டில் சண்டை எழுதும் பக்கத்தில் இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'ஒருவர் விலகினால் யார்'. அந்தப் பெயர் அதே பிரிவில், அதே எடையில், அதே இரவில் வேறொரு சண்டைக்கு வருபவராக இருக்க வேண்டும், அவரை எடுத்தால் தனியாக நிற்கப் போகும் எதிராளிக்கு யார் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த வரியை எழுதும் வேலை இப்போது முத்தியால்பேட்டை நண்பரிடம்.